உயிரோட இருக்கும் பன்றியின் தசைக்குள் கொழுப்பு எவ்வளவு? ஸ்கேனில் தெரியுமா?

அலங்காநல்லூர்னாலே காளைதான். வாடிவாசலுக்கு வரும் முன் ஒவ்வொரு காளையையும் கால்நடை மருத்துவர்கள் பரிசோதித்துச் சான்று தருகிறார்கள். அதே பகுதியில் ஒருவர் வெண்பன்றி வளர்த்து விற்கப் போனால் கதையே வேறு. தராசில் ஏற்றி, உயிர் எடைக்குக் கிலோ கணக்கில் விலை. உள்ளே கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்பதெல்லாம் கண் மதிப்புதான்.

கொழுப்பிலும் வகை இருக்கு. தோலுக்கு அடியில் பட்டையாகப் படிவது முதுகுக் கொழுப்பு. இதை வெட்டி ஒதுக்கிவிடலாம். தசை இழைகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக ஓடுவது இன்னொன்று. பேர் ‘மார்பிளிங்’. கறியின் மென்மைக்கும் ருசிக்கும் காரணம் இதுதான்.

*எப்படி அளக்கிறார்கள்?*

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அதே அல்ட்ராசவுண்ட்தான். பன்றியின் முதுகில் எண்ணெய் தடவி, கடைசி விலா எலும்புகளுக்கு மேலே, நடுக்கோட்டிலிருந்து கொஞ்சம் தள்ளி கருவியை வைப்பார்கள். முதுகுக் கொழுப்பு திரையில் தனி அடுக்காகத் தெரியும், அளப்பது சுலபம். தசைக்குள் இருப்பதுதான் சிக்கல். நுண்ணிய கொழுப்பு ஒலி அலையைச் சிதறடிப்பதால் படம் புள்ளி புள்ளியாக விழும். அந்தப் புள்ளிகளின் அமைப்பை வைத்து கணினி சதவீதத்தைக் கணிக்கும். ஒரே படத்தை நம்ப முடியாது. பல படம் எடுத்து சராசரி பார்க்கணும். பன்றி அசைந்தால் திரும்ப முதலில் இருந்து! துல்லியமான கணக்கு வேண்டும்னா, வெட்டிய பிறகு ஆய்வகத்தில்தான்.

*பிறகு எதற்கு ஸ்கேன்?*

வெட்டிய கிடா குட்டி போடாதே. இனவிருத்திக்கு எந்தக் கிடாவை வைப்பது என்பதை உயிரோடு இருக்கும்போதே முடிவு செய்யணும். அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் டியூராக் இனப் பன்றிகளை இப்படி ஸ்கேன் பார்த்து ஆறு தலைமுறை தேர்ந்தெடுத்தது. தசைக் கொழுப்பு நன்றாகவே கூடியது. ஆனால் கூடவே முதுகுக் கொழுப்பும் ஏறியது, தசைப் பரப்பு குறைந்தது.

தமிழ்நாட்டில் செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பன்றி இனவிருத்திப் பணி நடக்கிறது. பெரிய வெள்ளை யார்க்‌ஷயரையும் நாட்டுப் பன்றியையும் கலந்து உருவாக்கிய கலப்பினமும் அங்கே உண்டு.

விவசாயிக்கு இதில் என்ன? ஒரு கிலோ கறி ஏறுவதைவிட ஒரு கிலோ கொழுப்பு ஏற அதிக தீவனம் போகும். ஹோட்டல் கழிவைப் போட்டு வளர்த்தாலும், காசு போட்டுத் தீவனம் வாங்கினாலும் தராசு ஒரே விலைதான் சொல்லும். முதுகுக் கொழுப்பு குறைவாக, நல்ல மார்பிளிங்கோடு வளர்த்தவருக்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூட கிடைக்காது. கறியின் தரத்துக்கு விலை வராதவரை, இந்த ஸ்கேன் கருவி பண்ணைக்காரர் வாங்கும் பட்டியலில் வராது. இப்போதைக்கு அது இனவிருத்திப் பண்ணைகளுக்கான கருவி.