அழிக்கிறதுக்கு முன்னாடி ஸ்டேட்டஸ் அடிங்க

உங்க ரெஸ்யூமேல 'கிட் தெரியும்'னு இருக்கா? எடிட்டர் பட்டனை அமுக்கத் தெரிஞ்சா மட்டும் கிட் தெரிஞ்சதாகாது. மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் வந்ததும் ஃபோல்டரையே அழிச்சுட்டு மறுபடி குளோன் பண்றோம். புஷ் பண்ணாத வேலையும் அதோட போயிடுது. ரிவியூவுக்கு முந்தின ராத்திரி நானும் அப்படி ஒரு மாட்யூலைத் தொலைச்சவன்தான்.

ஒரு வாரம் டெர்மினல்ல மட்டும் பழகிப் பாருங்க. ஸ்டேட்டஸ், ஆட், கமிட், லாக்: ஆரம்பத்துக்கு இந்த நாலு கமாண்ட் போதும். ஆட் பண்ணினா மாற்றம் ஸ்டேஜிங்குக்குத்தான் போகும். கமிட் பண்ணினாதான் வரலாற்றில் பதியும். இப்போ எது எங்கே நிக்குதுன்னு 'கிட் ஸ்டேட்டஸ்' சொல்லும்.

தப்பா ரீசெட் பண்ணினாலும், கமிட் ஆனதைப் பெரும்பாலும் 'கிட் ரீஃப்லாக்' பார்த்து மீட்டுடலாம். ஃபோல்டரை அழிச்சா அந்த வழியும் போச்சு.