ஆர்க்கிடெக்ட் படிக்கட்டும், பாடம் யாருடையது?

அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில், கட்டிடங்களுக்குத் திட்டம் போடும் ஆர்க்கிடெக்ட் மூன்றாண்டுக்கு 36 மணி நேரம் படித்தாக வேண்டும். அதில் 24 மணி மக்களின் உடல்நலம், பாதுகாப்பு, நலவாழ்வு பற்றியது.

இதை நாம் வரவேற்கிறோம். அதே நியூயார்க்கில் 1911-ல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலை எரிந்தது. கதவு பூட்டிக் கிடந்தது. வெளிப்புற இரும்புப் படிக்கட்டு முறிந்து விழுந்தது. 146 பேர் மாண்டனர். கட்டிடத்தின் கோளாறுக்கு உயிரைக் கொடுப்பவர்கள் உள்ளே உழைப்பவர்களே.

ஆனால் பாடம் நடத்துவது யார்? கட்டிடச் சாமான் விற்கும் கம்பெனிகளே பல வகுப்புகளை இலவசமாக நடத்துகின்றன! சரக்கு விற்பவன் தன் சரக்கின் குற்றத்தைச் சொல்வானா? கட்டண வகுப்புக்கோ, சம்பளத்துக்கு உழைக்கும் ஆர்க்கிடெக்ட் கைக்காசு போட நேர்வதுண்டு.

தோழர்களே, படிப்பு வேண்டும். அதன் செலவை முதலாளி ஏற்கட்டும். பாடத்தை வியாபாரியின் பிடியிலிருந்து மீட்க வேண்டும்!