இலை கொட்டினால் மரம் செத்துவிட்டதா?

மாசி பிறந்தால் போன்சாய் வளர்க்கும் வீடுகளில் ஒரு கவலையும் சேர்ந்து வரும். பச்சைப் பசேலென்று இருந்த குட்டி அரசமரம் மஞ்சளடித்து, ஒவ்வோர் இலையாகக் கொட்டும். சில நாட்களில் தொட்டியில் நிற்பது வெறும் குச்சிதான். ‘தண்ணீர் போதவில்லை போல’ என்று காலையும் மாலையும் ஊற்றுவார்கள். கூடவே ஒரு கை உரமும் விழும். பல வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த மரம் சாவது பெரும்பாலும் அதற்குப் பிறகுதான்.

அரசு, இலையுதிர்க்கும் மரம். குளக்கரையில் நிற்கும் பெரிய அரசும் இதே மாதங்களில்தான் இலையைக் கொட்டுகிறது. இலை வழியாகத்தான் மரத்தின் நீர் ஆவியாகிறது. வறண்ட காலத்தில் பழைய இலைகளை உதிர்த்து அந்த நீரை மிச்சம் பிடிக்கிறது மரம். கொஞ்ச நாள் ஓய்வுக்குப் பிறகு செம்பு நிறத்தில் தளிர் விடும். குளக்கரை மரத்துக்கு யாரும் குடம் குடமாக ஊற்றுவதில்லை. அதனால் அது தப்பிக்கிறது.

தொட்டி மரத்தின் நிலை வேறு. இலை இல்லாதபோது வேர் தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. ஊற்றிய தண்ணீர் ஆழமில்லாத தொட்டியிலேயே தங்கும். மண்ணில் காற்று புகாமல் வேர் அழுகும். ஆகவே, இலையில்லாத நாட்களில் விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அன்று தண்ணீர் வேண்டாம். காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும் அளவுக்கு ஒரு முறை ஊற்றினால் போதும். உரம் கூடவே கூடாது.

உயிர் இருக்கிறதா என்று சந்தேகமா? ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் உயிரோடுதான் இருக்கிறது. நுனி மொட்டு கூர்மையாக, கெட்டியாக இருப்பதும் நல்ல அடையாளம். மஞ்சளாகித் தானே உதிரும் இலை இயற்கையானது. கருகிய இலை உதிராமல் கிளையிலேயே தொங்குவது, பட்டை சுருங்குவது, மண்ணில் அழுகல் வாடை வருவது ஆகியவைதான் ஆபத்து.

இலையில்லாத நாட்கள் மரத்துக்கு ஓய்வு, வளர்ப்பவருக்கு வேலை. கிளைகளின் அமைப்பு முழுதாகத் தெரிவது இப்போதுதான். ஒன்றோடொன்று உரசும் கிளை, உள்நோக்கி வளரும் கிளை இவற்றை வெட்டலாம். வெட்டிய இடத்தில் பால் வடியும். சிலருக்கு அது தோலில் அரிக்கும். கையுறை போட்டுக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும்.

மொட்டு பருக்கத் தொடங்கியதும் தொட்டி மாற்றலாம். இளமரத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை இது தேவைப்படும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நறுக்கக் கூடாது. செங்கல் துண்டு, பெருமணல், மக்கிய உரம் கலந்த, தண்ணீர் தேங்காத மண் நல்லது. மாற்றிய பிறகு இரண்டு வாரம் நிழலில் இருக்கட்டும்.

தளிர்கள் விரிந்து கரும்பச்சையாக மாறிய பிறகு வெயிலுக்குக் கொண்டுவந்து, பழையபடி தண்ணீரும் நீர்த்த உரமும் கொடுக்கத் தொடங்கலாம். சித்திரை வெயிலில் சிறு தொட்டிக்கு இரண்டு வேளை தண்ணீர்கூடத் தேவைப்படும்.

அதுவரை ஒரே ஒரு காவல் வேலை பாக்கி. மொட்டையாக நிற்கும் தொட்டியைப் பார்த்துவிட்டு, ‘இதுதான் செத்துப்போச்சே’ என்று வீட்டில் யாரும் குப்பையில் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்!