எண்களோடு பழகுவோம்

தைப்பிங்கில் படிக்கும் மாணவரிடம் 1885 என்றால் என்ன என்று கேட்டால், வரலாற்றுப் பாடம்தான் உடனே நினைவுக்கு வரும். மலாயாவின் முதல் இரயில் பாதை அந்த ஆண்டில்தான் தைப்பிங்கிற்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. ஆனால், 1885 ஓர் ஆண்டு மட்டுமன்று. தனக்கென இயல்புகளைக் கொண்ட ஓர் எண்ணும் ஆகும். அத்தகைய இயல்புகளைத் தாளில் எழுதிப் பார்த்து அறியும் பழக்கம் மாணவர்களுக்குத் தேவை என்பது என் கருத்து.

முதலில் 1885இன் காரணிகளைத் தேடுவோம். 5இல் முடிவதால் அது 5ஆல் வகுபடும்; ஈவு 377. இந்த 377 எதனால் வகுபடும்? 3, 7, 11 ஆகியவற்றால் வகுபடாது. 13ஆல் வகுத்தால் 29 கிடைக்கும். ஆகவே, 5, 13, 29 ஆகிய மூன்று பகா எண்களின் பெருக்குத்தொகையே 1885.

அடுத்து, 43இன் வர்க்கம் 1849. அதை 1885இலிருந்து கழித்தால் எஞ்சுவது 36. அது 6இன் வர்க்கம். 42இன் வர்க்கத்தைக் கழித்தால் 11இன் வர்க்கமும், 38இன் வர்க்கத்தைக் கழித்தால் 21இன் வர்க்கமும் எஞ்சும். இவ்வாறு இரு வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக 1885ஐ நான்கு வழிகளில் எழுதலாம்.

இங்கிலாந்தில் நோயுற்றிருந்த கணித மேதை இராமானுஜனைப் பேராசிரியர் ஹார்டி காணச் சென்ற நிகழ்வு பலரும் அறிந்ததே. தாம் வந்த வாடகை வண்டியின் எண்ணான 1729 சுவையற்றது என்றார் ஹார்டி. இராமானுஜனோ, இரு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அதுவே என்றார். 1, 12 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 9, 10 ஆகியவற்றின் கனங்களைக் கூட்டினாலும் 1729 கிடைக்கும். அந்த விடை திடீரெனத் தோன்றியதன்று. பல ஆண்டுகள் எண்களோடு பழகியதன் பயன் அது.

கணிப்பான் இருக்கும்போது இந்த உழைப்பு எதற்கு என்று சிலர் கேட்கலாம். தேர்வு நேரத்தில் கணிப்பான் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், எதைத் தேட வேண்டும் என்று அது நமக்குச் சொல்லாது. மேலும், இந்தப் பழக்கம் வெறும் பொழுதுபோக்கும் அன்று. 5, 13, 29 ஆகியவற்றைப் பெருக்குவது எளிது. 1885ஐப் பிரிப்பதற்குத்தான் நேரம் பிடித்தது. அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண் என்றால், அதன் பகாக் காரணிகளைக் கண்டறிவது இன்றைய கணினிகளுக்கும் பெரும்பாலும் இயலாத செயல். இணையத்தில் நாம் அனுப்பும் தகவல்களைக் காக்கும் முறைகளுள் ஒன்று, இந்தக் கடினத்தையே நம்பியிருக்கிறது.

ஆகவே மாணவர்களே, நாள்தோறும் ஓர் எண்ணையாவது எடுத்துப் பிரித்துப் பாருங்கள். 1885இன் நான்காம் வழியை நான் இங்கே தரவில்லை. 30க்கும் 38க்கும் இடையே உள்ள ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அது தொடங்குகிறது. கணிப்பானை ஓரமாக வைத்துவிட்டு, அதை நீங்களே தேடிக் கண்டுபிடியுங்கள்.