வர்றவங்க கண்ணு

"அண்ணே, பூந்தமல்லி தாண்டிட்டோம்"னு போன் வந்தா போதும், எங்க வீட்ல ஓட்டம் ஆரம்பிச்சிடும். அங்கேருந்து எங்க ஊருக்கு இருபது நிமிஷம். அதுக்குள்ள யூரியா மூட்டை, தார்ப்பாய், கழட்டிப் போட்ட மோட்டார் ஸ்டார்ட்டர், மடிக்காத துணி எல்லாம் பின்னறைக்குப் போயிடும். கதவைச் சாத்திட்டு என் வீட்டுக்காரம்மா மூச்சு வாங்க நிப்பாங்க.

இதை வெளிவேஷம்னு சிலர் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை. அந்த மூட்டை மூணு வாரமா கூடத்துலதான் கிடந்தது, என் கண்ணுல படவே இல்லை. ஆள் வர்றாங்கன்னதும் பட்டுச்சு. வேளாண்மை அதிகாரி நாளைக்கு வர்றார்னா, கீரைப் பாத்தியில தினம் தாண்டிப் போற கோரைகூடத் தெரியுது இல்லையா, அதே மாதிரிதான்.

அந்தக் காலத்துல இந்த ஓட்டம் இவ்வளவு இல்லை. திண்ணை இருந்துச்சு. காலையில சாணம் தெளிச்சுக் கோலம் போட்டா வாசல் வேலை முடிஞ்சுது. வந்தவங்க திண்ணையில உட்காருவாங்க, தண்ணி வரும், மோர் வரும். உள்ளே என்ன கிடந்தாலும் யாருக்கும் தெரியாது. இப்ப கதவைத் திறந்தாலே ஹால். மொத்தக் குடும்பமும் ஒரே பார்வையில தெரிஞ்சிடுது. நானும் திண்ணையை இடிச்சுட்டுத்தான் மெத்தை வீடு கட்டினேன்.

ஆனா பெருக்கறது வேற, மறைக்கறது வேற. 2019 அக்டோபர்ல பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்துல சந்திச்சாங்க. ஊரே புதுசா மாறிடுச்சு. ஐந்து ரதம் பக்கத்துல தோட்டக்கலைத் துறை காய்கறி, பழத்தாலயே வரவேற்பு வளைவு வெச்சிருந்தாங்க. விவசாயி எனக்கு டிவியில அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம். மறுநாள் காலையில பிரதமர் கடற்கரையில குப்பை பொறுக்கினதையும் காட்டினாங்க. அதுல தப்பே இல்லை. ஆனா நடைபாதைக் கடைகளையும் எடுக்க வெச்சாங்களே, அதுதான் உறுத்துச்சு. குப்பையும் சங்கு மாலை விக்கறவங்களும் ஒண்ணா? அடுத்த பிப்ரவரியில டிரம்ப் வர்றதுக்கு முன்னாடி அகமதாபாத்துல குடிசைங்களுக்கு எதிர்ல மதிலே எழுப்பினாங்க. ஆக்கிரமிப்பைத் தடுக்கத்தான்னு மாநகராட்சி சொல்லிச்சு.

நான் பெரிசா பேசறேன். என் பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்?

எங்க நைனாவுக்கு அப்ப ஓயாத இருமல். வராண்டாவுல கயித்துக் கட்டில், பக்கத்துல எச்சில் துப்புற டப்பா. நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாடியே, "நான் கொட்டாயில இருந்துக்கறேன்டா"ன்னாரு. 'வேணாம் நைனா'ன்னு சொல்லியிருக்கணும். கட்டிலோட ஒரு பக்கத்தை நானே தூக்கினேன்.

மாப்பிள்ளையோட பாட்டி, "பெரியவர் எங்கப்பா?"ன்னு கேட்டாங்க. தோட்டத்துக்குப் போயிருக்காருன்னேன். சொல்லி வாயை மூடலை, மாட்டுக்கொட்டாய்லேருந்து இருமல் சத்தம். யாரும் எதுவும் பேசலை. அந்தம்மா மட்டும் காபி டம்ளரைக் கீழே வெச்சுட்டுப் பின்பக்கம் போய், அவர்கூட பத்து நிமிஷம் பேசிட்டு வந்தாங்க. சம்பந்தம் முடிஞ்சுது. ராத்திரி நைனா என்கிட்ட கேட்டது, "எல்லாரும் வயிறாரச் சாப்பிட்டாங்களா?" அவ்வளவுதான்.

அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. இப்பவும் போன் வந்தா மூட்டை பின்னறைக்குப் போகுது. கட்டில் மட்டும் வராண்டாவுலயே கிடக்கு. கயிறு தொய்ஞ்சு போச்சு, பார்க்கவும் நல்லா இல்லை. வீட்டுக்காரம்மா, "ஏங்க, இதையாவது உள்ள போடலாமே"ன்னு ஒவ்வொரு தடவையும் கேட்பாங்க. இருக்கட்டும்மான்னுடுவேன்.