அணியும் அரணும்

மக்கள் தமக்கெனச் செய்துகொள்ளும் பொருள்களை ஆராயுங்கால், அவற்றுட் சில அழகு கருதியும், சில காவல் கருதியும் அமைந்தனவாகக் காணப்படும். காதணி முன்னதற்கும் கதவு பின்னதற்கும் எடுத்துக்காட்டாம். இவ்விரண்டு பயனும் ஒரு பொருளிடத்தே பொருந்துமாயின் மிகவும் நன்றே. ஆனால் காவலுக்கென வந்ததொன்று அணியாக மட்டும் நின்று, முன்னிருந்த காவலையும் அகற்றிவிடுமாயின் அதனை என்னென்பது? இவ்வினா எம் உள்ளத்தில் எழுந்தது நூலொன்றைப் பயின்ற பொழுதன்று. சென்ற விடுமுறையில், புதுமடம் என்னும் கடற்கரையூரில், எம் விடுதித் தோழரொருவரின் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்தருகே குந்தியிருந்த பொழுதாம். கல்லூரி வாயிலில் நிற்கும் வண்டிகளை நாடோறும் காண்பார்க்கு இப்பொருள் அயலானதன்று. ஆதலின் இம்மலரின் வாயிலாக எம் கருத்தைச் சிறிது கூறத் துணிந்தோம்.

யாம் கூறவந்தது, பின்சக்கரத்தின் மேற்புறத்தையும் முன்புறத்தையும் நெருங்கி வளைந்து நிற்கும் ஒரு சிறு கவசம். கடைக்காரர் அதனை 'டயர் ஹக்கர்' என்பர். அவ்வாங்கிலச் சொல் தழுவுவது எனப் பொருள்படுமாகலின், யாம் அதனைச் 'சக்கரத் தழுவி' என வழங்குவோம். தழுவி என்பது பெயரளவே. அது சக்கரத்தைத் தீண்டலாகாது. தீண்டாமல் தழுவுவதே அதன் இலக்கணம்.

வழக்கமான மட்கார்டு வண்டியின் உடற்சட்டத்தோடு இணைந்திருப்பது. மேடுபள்ளங்களிற் சக்கரம் ஏறியிறங்குதலின், அதற்கும் சக்கரத்திற்கும் இடையே மிகுந்த வெளி விடுதல் வேண்டும். தழுவியோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின்மீதே அமர்வது. சக்கரத்தோடு உடன் ஏறி உடன் இறங்குவது. ஆதலின் அது சக்கரத்தை மிக நெருங்கி நிற்க இயலும்.

இவ்விரண்டும் வெவ்வேறு தொழில் செய்வன என்பதை நம்மவர் பலர் அறியார். நனைந்த சாலையிற் செல்லும் சக்கரம், நிலத்தினின்று எடுத்த நீரையும் மணலையும் முதலிற் பின்புறமாக மேல்நோக்கி வீசுகின்றது. அதனைத் தடுப்பது பின்னே நீண்டிருக்கும் மட்கார்டு. எஞ்சியது டயரோடு ஒட்டிச் சுழன்று உச்சியை அடைந்து, ஆங்கிருந்து முன்னோக்கி வீசப்படுகின்றது. ஒற்றை ஷாக் அப்சார்பர் உடைய வண்டிகளில் அது சக்கரத்திற்கு நேர்முன்னே நிற்பதால் அவ்வீச்சு முழுவதும் அதன்மேல் விழும். அதனைத் தடுப்பது தழுவி. சுருங்கக் கூறின், தழுவி காப்பது நம் யந்திரத்தை; மட்கார்டு காப்பது நமக்குப் பின்னே வருவோரை. இவ்வேறுபாட்டை வாசகர் நினைவில் வைத்தல் வேண்டும். யாம் மேற்கூறுவன யாவும் இதனின்றே பிறப்பன.

முற்காலத்தில் இத்தகைய தனிக் கவசத்திற்குத் தேவையிருந்ததில்லை. 1955 முதற் சென்னையில் உருவான என்ஃபீல்டு புல்லட்டை நோக்குக. அதன் ஆழ்ந்த இரும்பு மட்கார்டு சக்கரத்தின் மேற்பாதியைக் குடைபோற் கவிந்திருந்தது. ஷாக் அப்சார்பர்களும் இருபுறமும் ஒதுங்கி நின்றன. இன்று இக்கரையில் மீன்பெட்டிகளைச் சுமந்து விடியற்காலையில் விரையும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியும் அவ்வாறே உடல் மூடியது. உழைக்கும் வண்டிக்குத் தழுவி வேண்டப்படவில்லை. 2008-இல் வெளிவந்த யமஹா ஆர்15 போன்றவற்றால் ஒற்றை ஷாக் அப்சார்பர் இளைஞரிடையே பரவிற்று. வாலைக் குறுக்கிச் சக்கரத்தைத் திறந்து காட்டும் வழக்கமும் பெருகிற்று. அதன் பின்னரே தழுவியும் கடைகளில் மிகுதியாகத் தொங்கலாயிற்று. ஆகவே இருபுற ஷாக் அப்சார்பரும் முழு மட்கார்டும் உடைய வண்டிக்குத் தழுவி வாங்குவோர், குடையின் கீழ்க் குடை பிடிப்போரே ஆவர்.

இனிப் புதுமடத்திற்கு வருவோம். உச்சிப்புளியை அடுத்து, மன்னார் வளைகுடாவின் கரையில், மணலும் பனையும் சூழ அமைந்தது அவ்வூர். காற்று வீசுங்காலத்தில் மணல் தார்ச்சாலையின்மேல் ஏறிப் படியும். வடகிழக்குப் பருவமழையில் அம்மணல் சேறாகும். உள்நாட்டுச் சேறு உலர்ந்தால் உதிர்ந்துவிடும். உப்புத் தோய்ந்த கரைமணலோ, காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டே இருப்பதால் ஒட்டிய இரும்பை ஓயாது அரிக்கும். 1964-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு அப்பால் அரிச்சல்முனைவரை 2017-இல் சாலை திறக்கப்பட்ட பின்னர், அதனைக் காண வண்டியேறி வரும் இளைஞர் பலர். அவர்களும் ஊர் திரும்பியபின் இவ்வுப்பின் வேலையைத் தம் வண்டியிற் காண்பர்.

உப்பைக் கழுவினால் தீராதோ எனின், தீரும். கழுவுதற்கு நன்னீர் வேண்டும். இராமநாதபுரச் சீமையில் மகளிர் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு நெடுந்தூரம் சென்று நீர் கொணர்தலைக் கண்டோர், அந்நீரில் ஒரு குடத்தை மோட்டார் சைக்கிளுக்கு ஊற்ற மனம் கொள்ளார். எட்டாத இடத்தில் மணல் புகாமற் காத்து, ஒரு குடம் நீரை மிச்சப்படுத்துமாயின், தழுவி இவ்வூரில் வெறும் அணியன்று, பயனுள்ள பொருளே என்று யாமும் ஒப்புகின்றோம். எம் தோழர் அதனை வாங்கியதிற் குற்றமில்லை. வாங்கிய முறையிலேதான் குற்றம் இருந்தது.

அவர் முதலில் வாங்கியது, எல்லா வண்டிக்கும் பொருந்தும் என விளம்பரஞ் செய்யப்பட்டது. எல்லார்க்கும் அளந்த சட்டை ஒருவர்க்கும் பொருந்தாதன்றோ? அது பிளாஸ்டிக் நாடாக்களால் ஸ்விங் ஆர்மோடு கட்டப்பட்டது. சின்னாட்களில் தேய்ந்த பழஞ்செயினை நீக்கிப் புதுச்செயின் இட்டனர். அன்று மாலையே சக்கரம் கரகரவென்று உராயத் தொடங்கிற்று. காரணம் எளிது. செயின் தேயத் தேய அதனை இறுக்குதற்காக அச்சைப் பின்னே தள்ளுவர். புதுச்செயின் இட்டால் அச்சு மீண்டும் முன்னே வரும். சக்கரம் பின்னே நின்றபொழுது அளந்த இடைவெளி, அது முன்னே வந்தபொழுது மறைந்துவிட்டது. தளர்ந்த கவசம் உடைந்து ஓடுஞ்சக்கரத்திற் சிக்குமாயின் விளைவு யாதாகும் என்பதை விரிக்க வேண்டுவதில்லை.

இவ்வனுபவத்தால் யாம் கற்றவற்றைத் தொகுத்துக் கூறுவோம். முதலாவது, தம் வண்டியின் வகைக்கென்றே வார்க்கப்பட்டதும், ஸ்விங் ஆர்மில் முன்னமே உள்ள துளைகளிற் பொருந்துவதுமான தழுவியையே தேர்தல் வேண்டும். பொருந்தாததைப் பொருத்தற்காக ஸ்விங் ஆர்மைத் துளையிடுதல் பெரும்பிழை. அது சுமை தாங்கும் உறுப்பு. துளைவழி உப்புநீர் உட்புகுந்து கண்காணாமல் அரிக்கும். இரண்டாவது, பொருளின் தன்மையை நோக்கல் வேண்டும். வளைந்து கொடுக்கும் பிளாஸ்டிக் மலிவானது, போதுமானது. கண்ணாடியிழையாலானது உடைந்தால், கரையிலே பைபர் படகு செப்பனிடுவோரே அதனையும் செப்பனிட வல்லர். கார்பன் பைபர் என்னும் கரியிழை இலேசானது, விலைமிக்கது. ஆனால் அது மின்சாரம் செல்லவிடும் இயல்பினதாகலின், அலுமினியத்தை நேரே தொட்டு நிற்க, இடையே உப்புநீர் படின், அலுமினியம் விரைந்து அரிக்கும். அத்தகையதற்கு இடையே ரப்பர் வாஷர் இடுதல் நலம். கரியிழைபோற் கோலமிட்ட தாளை ஒட்டி விற்கப்படுவனவோ, கண்ணுக்கு மட்டுமே கரியிழை.

மூன்றாவது, உடன் வரும் சாதாரண இரும்புப் போல்ட்டுகளை நீக்கிவிட்டு, கடையில் எஸ்.எஸ். போல்ட் எனக் கேட்டுத் துருவேறா எஃகுப் போல்ட்டுகளைப் பெறுதல் வேண்டும்; அவற்றின் மரையிற் சிறிது கிரீஸ் தடவாவிடின், அலுமினியத்தினுள் இறுகிப் பின்னர் கழலா. நான்காவது, இடைவெளி. நல்ல தார்ச்சாலைக்கு ஒரு விரற்கடை போதும். சிப்பியும் சரளைக்கல்லும் கிடக்கும் கரைப்பாதைக்கு இரு விரற்கடை வேண்டும். அச்சு முன்னே நிற்கும் நிலையிலும் பின்னே நிற்கும் நிலையிலும் தனித்தனியே அளந்து பார்த்தல் வேண்டும். ஐந்தாவது, கீழே மட்டும் நோக்காமல் மேலேயும் நோக்குக. இருவர் ஏறி அமர்ந்து வண்டி தாழும்பொழுது, தழுவியின் முதுகு இருக்கையின் அடியிற் முட்டாதிருத்தல் வேண்டும். பிரேக் குழாயும் கம்பிகளும் இடையே நசுங்காதிருக்கின்றனவா எனக் கண்டு, சக்கரத்தைக் கையாற் சுழற்றிச் செவி கொடுத்துக் கேட்டபின்னரே சாலையில் இறங்குக. சில நாள் ஓட்டியபின் போல்ட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்தலும் மறவற்க.

இவையெல்லாம் கருவியைப் பற்றியன. இனிக் கூறுவதே எம் கட்டுரையின் உயிர். முதன்முறை தழுவியைக் கட்டிய மெக்கானிக், சேலை சிக்காதபடி இடப்புறம் பொருத்தியிருந்த சாரி கார்டு இடையூறாக நிற்கின்றதென்று அதனைக் கழற்றி வைத்துவிட்டார். பின்மட்கார்டின் நீண்ட பகுதியையும் அழகு குன்றுமென்று அகற்றினார். எம் தோழர் மறுக்கவில்லை. உடனிருந்த யாமும் வாய் திறந்திலோம். உண்மை கூறின், அவ்வண்டியின் புதுத்தோற்றத்தை வியந்தோம். மறுநாட் காலை தோழரின் தாயார் இராமநாதபுரத்து மருத்துவமனைக்குச் செல்லப் புறப்பட்டு வாயிலுக்கு வந்தார்; வண்டியைச் சுற்றி நோக்கினார்; ஏறாமல் நின்றார். "சக்கரத்துக்குப் போர்வை வாங்கினாய், சரி, என் சேலைக்கு என்ன வழி, வாப்பா?" என்றார். அவர் குரலிற் சினமில்லை. எனினும் எம் இருவர்க்கும் விடை இல்லை. அவர் அன்று பேருந்தில் தனியே சென்றார்.

அவ்வம்மையார் கேட்டதையே சட்டமும் கேட்கின்றது. 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதி, பின்னிருக்கை உடைய மோட்டார் சைக்கிளுக்குக் கைப்பிடியும் கால்வைப்பும் வேண்டுமென்பதோடு, பின்னமர்வோரின் ஆடை சிக்காவண்ணம் பின்சக்கரத்தின் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் காப்பும் வேண்டுமெனப் பணிக்கின்றது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவோ, பதிவுச் சான்றிற் கண்ட விவரங்களுக்கு மாறுபடுமாறு வண்டியை மாற்றலாகாதென்கின்றது. சட்டம் இல்லாவிடினுங்கூட, சுழலும் சக்கரத்திற் சிக்கிய முந்தானையோ துப்பட்டாவோ நொடியில் என்செய்யும் என்பது யாவரும் அறிந்ததே.

இக்காலத்து மகளிர் இருபுறமும் காலிட்டு அமர்கின்றனரே, பழங்காப்பு எதற்கு என்பார் உளர். நம் கல்லூரித் தோழியர் அவ்வாறு அமரலாம். நம் தாயரும் பாட்டியரும் ஒருபுறமாகவே அமர்கின்றனர். அன்றியும் காற்றிற் பறக்கும் ஆடைநுனி, அமர்ந்த முறையைக் கேட்டுப் பறப்பதில்லை. வண்டி எமது, அதன் கோலமும் எமது விருப்பம் என்பார் வேறு சிலர். வண்டி அவரதே, ஆனால் அது வீசும் சேறு அவரது ஆடையில் விழுவதில்லை, பின்னே சைக்கிளில் வரும் பள்ளிச் சிறுவனின் வெண்சட்டையிலன்றோ விழுகின்றது? முன்னமர்ந்து செலுத்துவோன் தன் பின்னே நிகழ்வதைக் காணான். காணாதவற்றையும் கருதிப் பார்த்தலே கற்றவர்க்கு அழகு.

அன்று மாலையே எம் தோழர் சாரி கார்டைத் தேடியெடுத்தார். மட்கார்டையும் பழையபடி பூட்டினார். பின்னர் தம் வண்டிக்குரிய தழுவியை வாங்கி, அதன் இடப்புறக் கை சாரி கார்டுக்கு உட்புறமாக அடங்குமாறு பொருத்தினார். சாரி கார்டு உடற்சட்டத்தோடு அசையாது நிற்ப, தழுவி சக்கரத்தோடு ஏறியிறங்குதலின், இவ்விரண்டிற்கும் இடையே வெளி விடச் சற்று முயல வேண்டியிருந்தது. ஒரு பிற்பகல் முழுதும் அதிற் கழிந்தது. ஆயினும், ஒன்றை நீக்கித்தான் மற்றொன்றைச் சேர்க்க வேண்டும் என்னும் கூற்று சோம்பலின் கூற்று என்பது தெளிவாயிற்று. அடுத்த வாரம் தாயார் வண்டியைச் சுற்றி நோக்கினார். ஒன்றுங் கூறாமல் ஏறி அமர்ந்தார். அதனினும் மேலான நற்சான்று எம் தோழர் பெற்றிலர்.

மாணவ நண்பர்காள்! தழுவி வாங்கற்க என்று யாம் கூறவில்லை. கடற்கரையில் வாழ்வோரும், ஒற்றை ஷாக் அப்சார்பர் வண்டியுடையோரும் ஆராய்ந்து வாங்குக, அளந்து பொருத்துக. ஆனால் நம் பொருளைக் காத்தற்கு ஒரு கவசம் சேர்க்கும்பொழுது, நம் பின்னமர்வோரையும் பின்வருவோரையும் காத்து நிற்கும் கவசத்தைக் கழற்றாதிருப்போமாக. பட்டறையினின்று வண்டியை எடுத்ததும், கண்ணாடியில் அதன் அழகை நோக்குமுன், வீட்டிலுள்ள தாயை ஒருமுறை பின்னே அமரச் செய்து பார்ப்போமாக. அவர் தயங்காமல் ஏறுவாராயின் அது அரண். அன்றேல் அது வெறும் அணியே.