தூண்டிலோடு ஒரு மழைச்சட்டை

பிடோக் படகுத்துறையில் விடியுமுன் தூண்டில் போடுவோருக்குச் சுமத்ரா சூறைக்காற்று புதிதல்ல. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் பின்னிரவிலோ அதிகாலையிலோ வரும் அக்காற்று, மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் வீசி, சில நிமிடங்களிலேயே ஆளை நனைத்துவிடும். மழைச்சட்டை தேவைதான். ஆனால், எதை வாங்குவது?

‘நீர் புகாது, வியர்வை வெளியேறும்’ என்று விற்கப்படும் விலையுயர்ந்த சட்டைகள் குளிர்நாடுகளுக்கே மிகவும் பொருந்தும் என்பது என் கருத்து. வெளிக்காற்று குளிர்ந்து உலர்ந்திருந்தால்தான் வியர்வையின் ஆவி துணியைக் கடந்து எளிதில் வெளியேறும். இங்கோ காற்றே ஈரத்தைச் சுமந்து நிற்கிறது. ஆவி எங்கே போகும்? ஆகவே, அக்குளுக்குக் கீழே ஜிப் வைத்துத் திறக்கக்கூடிய மெல்லிய சட்டையே மேல். தையல்களின் உட்புறம் நீர் புகாப் பட்டை ஒட்டப்பட்டுள்ளதா என்றும் பாருங்கள். மணிக்கட்டை இறுக்கும் பட்டையும் வேண்டும். இல்லாவிட்டால், தூண்டிலை வீசக் கையை உயர்த்தும்போதெல்லாம் மழைநீர் முழங்கைவரை வழியும். நிறம் கண்ணைப் பறிக்கட்டும். மீன் குறை சொல்லப்போவதில்லை!

‘நல்ல சட்டைதான் இருக்கிறதே’ என்று இடி முழங்கும்போதும் அசையாமல் நிற்பவர்களை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தச் சட்டையும் மின்னலைத் தடுக்காது. கார்பன் இழையாலான தூண்டிற்கோலோ மின்சாரத்தைக் கடத்தும். படகுத்துறையின் நீளம் ஏறக்குறைய 250 மீட்டர். முதல் இடியோசை கேட்டவுடனே புறப்பட்டாலும், அதன் முனையிலிருந்து கரைக்கு நடந்துவர மூன்று நிமிடமாவது ஆகும்.